பிரித்து மாட்டிய என்ஜினில் எண்ணெய்க் கசிவு: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

புதுப்பித்த மோட்டார் சைக்கிள் என்ஜினில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தவுடன் பலர் செய்வது இரண்டே காரியம். போல்ட்டை இன்னும் கொஞ்சம் முறுக்குவார்கள்; விளிம்பைச் சுற்றிச் சிலிகான் பசையை அப்புவார்கள். முதலாவது மரையைக் கெடுக்கும். இரண்டாவது, கசிவு எங்கே பிறக்கிறது என்ற ஒரே தடயத்தையும் மூடிவிடும்.

இரண்டு உலோக முகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்க வைக்கும் மெல்லிய அடுக்குதான் கேஸ்கெட். புதிய கேஸ்கெட் தானாகவே கெட்டுப்போவது அபூர்வம். அதை இருபுறமும் அழுத்திப் பிடிக்க வேண்டிய உலோக முகம் சமமாக இருக்காது. அல்லது அழுத்தம் ஒரே சீராக விழுந்திருக்காது. அல்லது என்ஜினின் வயிற்றுக்குள் (கிராங்க் கேஸ்) சேரும் காற்று வெளியேற வழியிருக்காது. இந்த மூன்றையும் பார்க்காமல் இன்னொரு கேஸ்கெட்டை வாங்கி மாட்டினால் அதுவும் ஒழுகும். கேஸ்கெட்டைக் கடைசியாகச் சந்தேகியுங்கள்.

எதையும் கழற்றுவதற்கு முன்

எண்ணெய் கீழே இறங்கும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே சொட்டு விழும் இடத்துக்கும் கசிவு பிறக்கும் இடத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது. என்ஜினின் உச்சியில் வால்வுகளை மூடியிருக்கும் டப்பெட் கவரில் கசிந்த எண்ணெய் குளிர்விப்புத் தகடுகள் வழியாக வழிந்து, கிராங்க் கேஸைச் சுற்றிக்கொண்டு, அடியில் எண்ணெயை வடிக்கத் திறக்கும் டிரெய்ன் போல்ட்டின் நுனியில் வந்து சொட்டும். பார்ப்பவர் டிரெய்ன் போல்ட்டைக் குறை சொல்வார். ஈரமான பகுதிகளில் மிக உயரமானதும் மிக முன்னால் இருப்பதும் எது என்று தேடுங்கள்.

என்ஜின் ஆறியிருக்கும்போது மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு முழுவதும் கழுவி, துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். சூடான என்ஜினில் இந்த வேலையைச் செய்யக் கூடாது. பெட்ரோலை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. உலர்ந்த பிறகு சந்தேகப்படும் இணைப்புகளின்மேல் முகப்பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். நின்ற இடத்திலேயே என்ஜினை ஓட்டிச் சூடேற்றி, டார்ச் விளக்கால் சுற்றிப் பாருங்கள். வெள்ளைத் தூளில் கறுத்த ஈரக்கோடு எந்த இடத்தில் தொடங்குகிறதோ அதுதான் பிறப்பிடம். நின்ற இடத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால் சிறிது தூரம் ஓட்டிவிட்டு உடனே பாருங்கள். சில கசிவுகள் வேகத்திலும் சூட்டிலும்தான் வெளிப்படும்.

கசிவது என்ன என்பதையும் விரலில் தொட்டுப் பார்த்து உறுதி செய்யுங்கள். கார்புரேட்டரிலிருந்து வழியும் பெட்ரோல் பழைய அழுக்கைக் கரைத்துக்கொண்டு எண்ணெய்போல் இறங்கும், முகர்ந்தால் தெரிந்துவிடும். செயினில் பூசிய எண்ணெய் ஸ்ப்ராக்கெட் மூடியின் அடியில் சேர்ந்து சொட்டும். கூட்டும்போது பூசிய எண்ணெய் போல்ட் குழிகளிலும் தகடுகளின் இடுக்குகளிலும் தங்கி, முதல் சூட்டில் இளகி வழிவதும் உண்டு. ஒருமுறை கழுவியபின் அது திரும்ப வராவிட்டால் கசிவே இல்லை என்று பொருள்.

ஒரே நேரத்தில் பல இடங்களில் ஈரம்

நேற்று வரை உலர்ந்திருந்த மூன்று நான்கு இணைப்புகள் ஒன்றாகக் கசியத் தொடங்கினால் கேஸ்கெட்டுகளைத் தொடாதீர்கள். உள்ளே அழுத்தம் கூடியிருக்கிறது.

பிஸ்டன் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் தனக்கு அடியில் உள்ள காற்றை கிராங்க் கேஸுக்குள் நெருக்குகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் எரியறை வாயுவும் சேர்ந்துகொள்கிறது. இவை வெளியேறுவதற்காகத்தான் பிரீதர் குழாய். அது மடிந்து நெரிந்திருந்தாலும், உள்ளே சகதி அடைத்திருந்தாலும், காற்று தனக்கு வேறு வழி தேடும். கிடைக்கும் முதல் இடுக்கில் எண்ணெயையும் இழுத்துக்கொண்டு வெளியே வரும். புதுப்பித்த என்ஜினில் இன்னும் இரண்டு காரணங்கள் சேரும். கேஸ்கெட்டைத் தலைகீழாக மாட்டியதால் பிரீதர் துளையின்மேல் காகிதம் மூடியிருக்கலாம். அளவுக்கு மீறிப் பூசிய சீலன்ட் (கசிவை அடைக்கும் பசை) பிதுங்கி அந்தத் துளையை அடைத்திருக்கலாம்.

பிரீதர் குழாயை ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து கழற்றி, என்ஜினை ஓடவிட்டு, அதன் வாயில் விரலை அருகே வைத்துப் பாருங்கள். காற்று துடிப்புத் துடிப்பாக வர வேண்டும். ஒன்றுமே வரவில்லை என்றால் அடைப்பு. துடிப்பே தெரியாதபடி சூடான புகை இடைவிடாமல் வீசினால் ரிங்குகள் வாயுவைப் பிடிக்கவில்லை. புதிய ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு பழகும் வரை கொஞ்சம் புகை கூடுதலாகத்தான் வரும். ஓட ஓட அது குறைய வேண்டும். குறையாவிட்டால் ரிங்கின் வாய்கள் (வெட்டு இடைவெளிகள்) ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா, ரிங் தலைகீழாகப் போடப்பட்டதா, சிலிண்டரில் ஹோனிங் (உட்சுவரில் நுண்கீறல் இடும் வேலை) சரியாகச் செய்யப்பட்டதா என்று திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.

எண்ணெய் அளவையும் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றியிருந்தால் கிராங்க் அதை அடித்து நுரையாக்கி பிரீதர் வழியே தள்ளும். அளவு பார்க்கும் குச்சியைத் திருகி உள்ளே செலுத்திப் பார்க்க வேண்டுமா, திருகாமல் வைத்துப் பார்க்க வேண்டுமா என்பது என்ஜினுக்கு என்ஜின் மாறும். கையேட்டில் உள்ளபடி செய்யுங்கள்.

ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே கறுப்புத் தடம், ‘புஸ் புஸ்’ என்ற ஒலி

இது எண்ணெய்க் கசிவு மட்டுமல்ல. சிலிண்டரின் மேல்மூடியான ஹெட் சேரும் இடத்தில் எரியறையின் அழுத்தமே தப்பிக்கிறது. ஆக்சிலரேட்டரைத் திருகும்போது ஒலி கூடும், இழுவை குறையும், இணைப்பைச் சுற்றிக் கரி படியும். சோப்பு நீரை இணைப்பில் தடவி, பிளக்கைக் கழற்றி, பிஸ்டனை அழுத்த நிலையின் உச்சிக்குக் கொண்டுவந்து, பிளக் துளை வழியே அழுத்தக் காற்றைச் செலுத்துங்கள். கிராங்க் சுழன்றுவிடாதபடி கியரில் போட்டு பின் பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும். இணைப்பில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். குமிழியே இல்லாமல் சைலன்சரில் இரைச்சல் கேட்டால் எக்சாஸ்ட் வால்வு. கார்புரேட்டரில் கேட்டால் இன்டேக் வால்வு. பிரீதரில் கேட்டால் ரிங். ஹெட்டைக் கழற்றாமலேயே நான்கு சந்தேகங்களைத் தீர்க்கும் சோதனை இது.

இதைச் செய்வதற்கு முன், எக்சாஸ்ட் குழாய் ஹெட்டில் சேரும் இடத்தைப் பார்த்துவிடுங்கள். அங்குள்ள வளையம் நசுங்காமல் இருந்தாலும் அதே ‘புஸ்’ ஒலி வரும், வேகம் குறைக்கும்போது சைலன்சரில் வெடிப்பொலியும் வரும். அது புதிய வளையத்தோடு முடிந்துவிடும் வேலை.

ஹெட் கேஸ்கெட்தான் என்று உறுதியானால் ஹெட்டைக் கழற்றியபின் அந்தக் கேஸ்கெட்டை உடனே தூக்கி எறியாதீர்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நன்றாக அழுத்தப்பட்ட இடத்தில் உலோகத்தின் பதிவு பளபளப்பாக, தெளிவான விளிம்போடு இருக்கும். அழுத்தம் போதாத இடத்தில் பதிவு மங்கி, பழுப்புக் கறை எரியறையின் ஓரத்திலிருந்து வெளி விளிம்பை நோக்கி ஓடியிருக்கும். கறை ஒரு ஸ்டட்டின் (ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் மரையிட்ட கம்பி) பக்கம் சாய்ந்திருந்தால் அந்த ஸ்டட்டின் மரையைச் சந்தேகியுங்கள். இரண்டு ஸ்டட்டுகளுக்கு நடுவே இருந்தால் ஹெட்டின் முகம் வளைந்திருக்கக்கூடும். கழற்றிய கேஸ்கெட்டைப் படிக்கத் தெரிந்தவருக்குப் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

வளைவைச் சோதிக்க, துல்லியமான எஃகு நேர்விளிம்பை ஹெட்டின் முகத்தில் நீளவாக்கிலும் குறுக்கிலும் இரண்டு மூலைவிட்டங்களிலும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள். பல கையேடுகள் 0.05 முதல் 0.10 மி.மீ. வரையில்தான் அனுமதிக்கின்றன. சற்றே மீறியிருந்தால் தடித்த சமதளக் கண்ணாடியின்மேல் 400 எண் நீர் உப்புத்தாளை ஒட்டி, எண்ணெய் விட்டு, ஹெட்டை எட்டு வடிவில் மெதுவாகத் தேய்க்கலாம். முகம் முழுவதும் ஒரே மங்கல் நிறம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதிக வளைவு என்றால் இயந்திரத்தில் கொடுத்துச் சீவுவதுதான் முறை. எவ்வளவு உலோகம் போகிறதோ அவ்வளவு வால்வும் பிஸ்டனும் நெருங்கும் என்பது நினைவில் இருக்கட்டும்.

பழைய கேஸ்கெட்டின் மிச்சத்தைச் சுரண்ட மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன கரண்டியைப் பயன்படுத்துங்கள். டிரில்லில் மாட்டும் தேய்ப்பு வட்டுகளை அலுமினிய முகத்தில் வைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அவை முகத்தைப் பள்ளமாக்குவதோடு, உதிரும் கருந்துகள் எண்ணெயோடு கலந்து பேரிங்குகளை அரித்துவிடும். மிகப் பழைய என்ஜின் என்றால் கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் சுரண்டித் தூசு கிளப்பாதீர்கள், நனைத்தே அகற்றுங்கள்.

செம்பு கேஸ்கெட்டை மீண்டும் பயன்படுத்துவதானால் மங்கிய சிவப்பு தெரியும் வரை சூடாக்கி ஆற வையுங்கள். இறுகிப்போன செம்பு மறுபடி மென்மையாகும். பல அடுக்கு எஃகு கேஸ்கெட்டை மறுபடி போடக் கூடாது. கையேடு சொன்னாலொழிய ஹெட் கேஸ்கெட்டில் சீலன்ட் பூசவும் கூடாது.

முறுக்கும்போது குறுக்கு வரிசையில், நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கி, இரண்டு மூன்று கட்டமாக டார்க் ரெஞ்சில் (முறுக்கு விசையை அளந்து காட்டும் கருவி) போக வேண்டும். மரைகளைச் சுத்தம் செய்துவிட்டே தொடங்குங்கள். அழுக்கு மரை டார்க் ரெஞ்சை ஏமாற்றும்: ‘கிளிக்’ என்று கேட்கும், ஆனால் விசை உராய்வில் போயிருக்கும், கேஸ்கெட்டுக்குச் சேர்ந்திருக்காது. அடி மூடிய போல்ட் குழியில் எண்ணெய் தேங்கியிருந்தால் ஆபத்து வேறு வகை. போல்ட் இறங்கும்போது எண்ணெய் ஒதுங்க இடமில்லாமல் அலுமினியத்தையே பிளந்துவிடும். நட் இறுகாமல் வழுக்கிக்கொண்டே சுற்றினால் கிராங்க் கேஸில் மரை கிளம்பிவிட்டது. நிறுத்திவிட்டு ஹெலிகாயில் (புது மரை தரும் கம்பிச் சுருள்) போட்டுத்தான் தொடர வேண்டும்.

சிலிண்டரின் அடிப்பகுதியில் ஈரம்

ஈரம் சுற்றிலுமா, ஒரு மூலையில் மட்டுமா என்று பாருங்கள். பல நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) என்ஜின்களில் ஹெட்டுக்கு எண்ணெய் ஏறும் பாதை ஒரு ஸ்டட் துளையை ஒட்டியே போகும். அங்கே இரு பாகங்களை நேராகப் பொருத்தும் ஒரு டோவல் பின்னும் அதைச் சுற்றி ஓ-ரிங் என்ற ரப்பர் வளையமும் இருக்கும். அந்த மூலை மட்டும் நனைந்தால் ஓ-ரிங் விடுபட்டிருக்கிறது, அல்லது சிலிண்டரை இறக்கும்போது நழுவி விளிம்பில் நசுங்கியிருக்கிறது. நசுங்கிய ஓ-ரிங்கில் நகக்கீறல் போன்ற பிறை வடிவ வெட்டு தெளிவாகத் தெரியும். அதே பாதைக்குரிய ஸ்டட்டின் மேல்முனையில் மூடிய நட்டும் செம்பு வாஷரும் இருக்க வேண்டும். அவற்றை வேறு ஸ்டட்டுக்கு மாற்றிப் போட்டுவிட்டால் எண்ணெய் ஸ்டட்டின் வழியே ஏறி ஹெட்டின் உச்சியில் கசியும்.

சுற்றிலும் ஈரம் என்றால் முகத்தில் பழைய கேஸ்கெட்டின் துணுக்கு ஒட்டியிருக்கலாம். சிலிண்டரின் அடியில் இரண்டு கேஸ்கெட்டைச் சேர்த்துப் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அந்த கேஸ்கெட்டின் தடிமன் ஒரு கணக்கின் பகுதி. கூடினால் சிலிண்டர் உயர்ந்து கம்ப்ரஷன் குறையும், ஓவர்ஹெட் கேம் (வால்வைத் திறக்கும் கேம் ஹெட்டிலேயே உள்ள) என்ஜினில் வால்வு டைமிங்கும் சற்றுப் பின்தங்கும். குறைந்தால் பிஸ்டன் ஹெட்டையோ வால்வையோ தொடும் ஆபத்து.

டப்பெட் கவர் ஓரத்தில் கசிவு

இங்கே பெரும்பாலும் ரப்பர் கேஸ்கெட்தான். இறுகி, வளைத்தால் நிமிராமல் நின்றால் புதியது போடுங்கள். அரை வட்ட முனை உட்காரும் மூலைகளில் மட்டும் கடுகளவு சீலன்ட் வைத்தால் போதும். இந்தக் கவரின் போல்ட்டுகளில் பல தோள் (தண்டில் தடித்த படி) உள்ளவை. தோள் உலோகத்தில் முட்டியபின் எவ்வளவு முறுக்கினாலும் ரப்பர் மேலும் அழுந்தாது, போல்ட்தான் அறுந்துபோகும். போல்ட் தலைக்கு அடியில் உள்ள ரப்பர் வாஷர் தட்டையாகிவிட்டதுதான் அங்கே உண்மையான காரணம். பக்கத்திலிருக்கும் டைமிங் செயின் டென்ஷனரின் சிறிய கேஸ்கெட்டையும் அதன் நடு போல்ட்டின் வாஷரையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கிளட்ச் கவரிலோ மேக்னெட் கவரிலோ கசிவு

கவரைச் சுற்றியுள்ள போல்ட்டுகள் ஒரே நீளமுள்ளவை அல்ல. நீளமான போல்ட் குட்டைக் குழிக்குள் போனால் அடியில் முட்டி நின்றுவிடும். கைக்கு இறுகியதுபோல் தெரியும், கவர் அழுந்தியிருக்காது. எல்லா போல்ட்டுகளையும் முறுக்காமல் கையால் உள்ளே செருகிப் பாருங்கள். சரியான இடத்தில் இருந்தால் எல்லாத் தலைகளும் கவரிலிருந்து ஏறக்குறைய ஒரே உயரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். ஒன்று மட்டும் உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தால் இடம் மாறியிருக்கிறது. அடுத்த முறை கழற்றும்போது அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, துளையிட்டு, போல்ட்டுகளை அதனதன் இடத்தில் குத்தி வைத்துவிடுங்கள்.

முன்பு யாரேனும் கவரை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியிருந்தால் முகத்தில் ஒரு வெட்டு இருக்கும். அந்தப் பள்ளத்தைவிட அதன் ஓரத்தில் எழும்பிய பிசிறுதான் கேடு. அது கவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். மென்மையான சாணைக்கல்லைத் தட்டையாக வைத்துப் பிசிறை மட்டும் நீக்கினால் போதும். பள்ளம் ஆழமாக இருந்தால் அந்த இடத்தில் மட்டும் சீலன்ட் ஒரு மெல்லிய பூச்சு. டோவல் பின்கள் இரண்டும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பழைய கேஸ்கெட்டோடு ஒட்டிக்கொண்டு அவை குப்பைக்குப் போய்விடுவது உண்டு.

நெடுநாள் கிடந்த காகித கேஸ்கெட் சுருங்கித் துளைகள் பொருந்தாமல் போகும். இழுத்து மாட்டினால் கிழியும். வெதுவெதுப்பான நீரில் சற்று நனைத்தால் பழைய அளவுக்குத் திரும்பும். 6 மி.மீ. கவர் போல்ட்டுக்குப் பொதுவாகச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் விசை போதும். நீளமான ஸ்பானரால் கைப்பலத்தில் முறுக்கினால் இந்த அளவை எளிதாகத் தாண்டிவிடுவோம், போல்ட்டுகளுக்கு நடுவே கவர் வளையும்.

சிலிகான் பசையைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கவரின் வெளியே எவ்வளவு பிதுங்கித் தெரிகிறதோ அவ்வளவும் உள்ளேயும் பிதுங்கியிருக்கிறது. அது பிய்ந்து எண்ணெயில் மிதந்து, ஆயில் பம்பின் வலையிலோ கேமுக்குப் போகும் நுண்துளையிலோ போய் அடைக்கும். ஒரு சொட்டுக் கசிவை நிறுத்தப் போய் கேமும் ராக்கரும் எண்ணெயின்றித் தேய்ந்து போவதைவிட அந்தச் சொட்டோடு ஓடுவது மேல்.

என்ஜினின் அடியில் சொட்டு

மேலே எல்லாம் உலர்ந்திருக்கிறது என்று உறுதி செய்த பிறகே இங்கு வாருங்கள். டிரெய்ன் போல்ட்டின் வாஷர் நசுங்குவதற்காகவே செய்யப்பட்டது. எண்ணெய் மாற்றும்போது அதையும் மாற்றுங்கள்.

கியர் லீவர் ஷாஃப்ட், கிக்கர் ஷாஃப்ட், ஸ்ப்ராக்கெட் ஷாஃப்ட் ஆகிய மூன்றிலும் இருப்பது ஆயில் சீல் (சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும், ரப்பர் உதடுள்ள வளையம்), கேஸ்கெட் அல்ல. கவரை மாட்டும்போது ஷாஃப்டின் பற்கள் சீலின் உதட்டைக் கிழித்துவிடும். பற்களின்மேல் மெல்லிய டேப் சுற்றி, எண்ணெய் தடவி மாட்டினால் இது நேராது. ஸ்ப்ராக்கெட் பக்கம் புதிய சீல் போட்டும் கசிவு நிற்கவில்லை என்றால், ஷாஃப்டின்மேல் இருக்கும் ஸ்பேசர் என்ற உருளையைக் கழற்றிப் பாருங்கள். பல என்ஜின்களில் அதன் உட்புறத்தில் ஓர் ஓ-ரிங் இருக்கும். அது இல்லாவிட்டால் எண்ணெய் சீலைத் தொடாமலே ஸ்பேசருக்கு உள்ளே ஷாஃப்டின் பற்கள் வழியாக ஊர்ந்து வரும். சீலை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை.

கிராங்க் கேஸின் இரண்டு பாதிகளும் சேரும் நடுக்கோட்டில்தான் கசிவு என்றால் என்ஜினை மறுபடி இறக்கிப் பிளக்க வேண்டியதுதான். வெளியிலிருந்து பூசும் பசை நிற்காது. உள்ளிருந்து வரும் அழுத்தம் அதைத் தோலாக உரித்துவிடும். ஈரம் படர்ந்து நிற்கிறது, சொட்டவில்லை என்றால் எண்ணெய் அளவைக் கவனித்துக்கொண்டு ஓட்டலாம், அடுத்த முறை திறக்கும்போது சரிசெய்யலாம் என்பது என் கருத்து. பின் டயரில் படும் கசிவுக்கு இந்தச் சலுகை இல்லை. அந்த வண்டியை எடுக்கவே கூடாது.

நீர் குளிர்விப்பு என்ஜின்களில்

வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். அதிலிருந்து கூலன்ட் வந்தால் நீர்ப்பக்கத்துச் சீல் போய்விட்டது. எண்ணெய் வந்தால் எண்ணெய்ப்பக்கத்துச் சீல். அந்தத் துளையை அடைத்துவிட்டால் இரண்டும் உள்ளே கலக்கும். எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்துக்கு மாறினால் ஓட்டுவதை உடனே நிறுத்துங்கள். ஆறிய என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யும்போது குமிழிகள் விடாமல் வந்தால் ஹெட் கேஸ்கெட் வழியே எரியறை வாயு நீருக்குள் போகிறது. சூடான ரேடியேட்டரின் மூடியில் கை வைக்காதீர்கள்.

இரு வீச்சு (டூ ஸ்ட்ரோக்) என்ஜின்: ஈரமே இல்லை, ஆனால் வேகம் இறங்க மறுக்கிறது

எல்லாவற்றிலும் அஞ்ச வேண்டிய அறிகுறி இதுதான். இரு வீச்சு என்ஜினில் கிராங்க் கேஸ் காற்றை உறிஞ்சவும் செய்யும். சிலிண்டரின் அடி கேஸ்கெட்டிலோ கார்புரேட்டர் இணைப்பிலோ கிராங்க் சீலிலோ ஓட்டை இருந்தால் வெறும் காற்று உள்ளே புகுந்து, கலவையில் பெட்ரோலும் அதோடு வரும் எண்ணெயும் குறைந்து, பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். ஆக்சிலரேட்டரை விட்டபின்னும் என்ஜின் வேகம் தொங்கி நின்றால் ஓட்டிப் பார்க்கவே வேண்டாம். இன்டேக், எக்சாஸ்ட் வாய்களை அடைத்து, சுமார் 0.4 பார் அளவுக்குக் கைப்பம்பால் காற்றடித்து, முள் சில நிமிடங்கள் நிலைத்து நிற்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் அடித்தால் சீல்களே வெளியே தள்ளப்படலாம். முள் இறங்கினால் சோப்பு நீர் ஓட்டையைக் காட்டிக்கொடுக்கும். எந்த இணைப்பிலும் குமிழி இல்லாமல் கியர் எண்ணெய் ஊற்றும் துளையில் காற்று வந்தால் கிளட்ச் பக்கத்துக் கிராங்க் சீல். அந்த வண்டி வெண்புகை தள்ளும், கியர் எண்ணெயும் குறைந்துகொண்டே வரும்.

சரிசெய்த பிறகு

சீலன்ட் பயன்படுத்தியிருந்தால் அதன் உறையில் சொன்ன நேரம் முழுவதும் காத்திருந்தே எண்ணெய் ஊற்றுங்கள். என்ஜினை ஒருமுறை நன்றாகச் சூடாக்கி, முழுக்க ஆறவிடுங்கள். நார் அல்லது காகிதம் கலந்த ஹெட் கேஸ்கெட் இந்த முதல் சூட்டில் சற்றுத் தளரும். கையேடு அனுமதித்தால் ஆறிய நிலையில் அதே வரிசையில் மறுபடி முறுக்க வேண்டும். பல அடுக்கு எஃகு கேஸ்கெட்டுக்குப் பொதுவாக இது தேவைப்படாது. பிறகு மீண்டும் பவுடர் தூவி, முதலில் கசிந்த அதே இடத்தைப் பாருங்கள். தூள் உலர்ந்தே இருந்தால் கழுவிவிட்டு வண்டியை ஓட்டலாம். முதல் சில நூறு கிலோமீட்டர் வரை, ஒவ்வொரு முறை எடுக்கும் முன்பும் எண்ணெய் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.